பெற்றுக்கொண்டோம் என்னும் சொல்

மனுக் கொடுத்தவன் முதலில் எதிர்பார்ப்பது நீதியை அன்று. தன் மனு உரிய இடத்தைச் சேர்ந்தது என்ற செய்தியைத்தான். கச்சேரிப் படிகளில் ஏறியிறங்கிய நம் மக்கள் இதனை நன்கு அறிந்தவர்கள். அதனாலன்றோ பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தபாற்கந்தோர் கொடுத்த துண்டுச்சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள்!

கிளிநொச்சியில் இச்சீட்டுகளுக்குத் தனியொரு பாரமுண்டு. 2009இல் போர் முடிந்தபின், காணாமற் போன பிள்ளையைத் தேடும் தாய்மார் கொடுத்த மனுக்கள் எத்தனை! 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இங்கு வந்து அமர்ந்தது. 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த ஜனாதிபதி ஆணைக்குழுவும் தன் அமர்வை இங்கேதான் தொடங்கியது. இரண்டிடத்தும் ஒரே கதையைச் சொன்ன தாய்மார், 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கந்தசுவாமி கோயில் முன்றிலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். கொடுத்தது எங்கே போயிற்று என்ற கேள்வியும் அவர்களோடு அங்கே அமர்ந்தது.

இன்று கந்தோர்கள் இணையத்தளத்தில் படிவம் வைத்திருக்கின்றன. நல்லதே. ஏ-9 வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காணித் தகராறு ஒன்றில் சிக்கிய ஓர் அன்னைக்காக, ஒரு திணைக்களத்தின் படிவத்தை நாம் நிரப்பி அனுப்பியபோது நிகழ்ந்தது இது: பொத்தானை அழுத்தினோம், எழுதிய யாவும் மறைந்து, வெறும் படிவம் மீண்டும் நின்றது. "போயிட்டுதோ தம்பி?" என்றார் அன்னை. நம்மிடம் பதிலில்லை. மறுமுறை அழுத்தினோம்; மும்முறை அழுத்தினோம். மூன்றும் போய்ச் சேர்ந்திருந்தால், ஒரே முறைப்பாட்டை மூன்று தடவை கண்ட எழுதுவினைஞர் நம்மைத் தொல்லைக்காரர் என்றே எண்ணியிருப்பார்.

இதற்குப் பரிகாரம் பெரிய வித்தையன்று. படிவத்தை ஏற்றுக்கொண்ட கணினி, அனுப்பியவரை உடனே வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வாறு செய்தால், அந்தப் பக்கத்தை ஒருவர் மீளத் திறந்தாலும் முறைப்பாடு இன்னொரு முறை போகாது. அப்பக்கம் "நன்றி" என்று சொல்லி நின்றுவிடலாகாது. இலக்கம் ஒன்று, பெற்ற நாள், பார்க்கப் போகும் கிளை, பதில் வரக்கூடிய காலம் ஆகிய இவையே வேண்டியவை. மின்னஞ்சல் இல்லாத வன்னிக் குடியானவருக்கு, கொப்பியில் குறித்துக்கொள்ளக் கூடிய அந்த இலக்கமே பற்றுச்சீட்டு. அதுவும் தமிழில் வேண்டும். படிவம் முழுவதும் தமிழாயிருக்க, முடிவில் வரும் ஒற்றை வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும் விந்தையை என்னென்பது!

எழுதியதை முழுவதும் அப்பக்கத்தில் திருப்பிக் காட்டுவது நல்லதுதானே எனச் சிலர் கேட்கலாம். வீட்டுக் கணினியில் நல்லது. பலர் வந்துபோகும் கடைக் கணினியிலோ, காணாமற் போன மகனின் பெயரும் தாயின் முகவரியும் அடுத்து அமர்பவன் கண்ணுக்கு விருந்தாகும். அங்கே இலக்கம் போதும். அன்றியும், முறைப்பாடு ஏட்டில் பதிவான பின்னரே அப்பக்கம் தோன்ற வேண்டும். பதியாமலே "பெற்றுக்கொண்டோம்" எனக் காட்டுவது மௌனத்தினும் கொடிது. காத்திருப்பவரை அது வீணே காத்திருக்க வைக்கிறது.

காகிதத்தில் இம்முறைமை சட்டமாகவே உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கை கிடைத்தவுடன் தகவல் அலுவலர் எழுத்தில் பற்றுறுதி தர வேண்டும். பதினான்கு வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தகவல் கேட்பவருக்கே அச்சட்டம். இணையப் படிவத்தில் குறை சொல்பவருக்கு அன்று. ஆகவே அந்த அன்னையின் சார்பில் நாம் இரண்டாவது காகிதம் ஒன்று எழுதினோம்: இன்ன நாளில் உங்கள் தளத்தின் வழியே அனுப்பிய முறைப்பாடு வந்து சேர்ந்ததா என்ற தகவலைத் தருக. அதற்கு மட்டும் பற்றுச்சீட்டுக் கிடைத்தது.