ஆச்சியும் ஆப்பச்சோடாவும்

ஆழ்வார்திருநகரியில் பித்தளை விளக்கு தேய்க்க யாரும் ஆப்பச்சோடாவைத் தேட மாட்டார்கள். நம்மாழ்வாரின் உறங்காப்புளி நிற்கிற ஊர்; புளிக்கா பஞ்சம்? களிம்பு கரைய அமிலம் வேண்டும், அது புளியில் இருக்கிறது. சோடாவோ காரம். அதன் வேலை எண்ணெய்ப் பிசுக்கில்.

இரண்டையும் கலந்தால் டபுள் பளபளப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சோடாவில் வினிகரை ஊற்றினால் ஜோராக நுரைக்கும், வாஸ்தவம். நுரை அடங்கும்போது அமிலம், காரம் இரண்டின் வேகமும் போயிருக்கும். சோடாவை மட்டும் ஈரத் துணியில் தொட்டு அடுப்பு மேடையைத் தேயுங்கள், போதும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், கறுத்துவிடும். கொண்டைக்கடலைக்கு ஒரு சிட்டிகை. அள்ளிப் போட்டால் சவக்கார வாசனை அடிக்கும், பி1 வைட்டமினும் அம்போ.

எங்கள் தெரு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ரத்தக்கொதிப்பு உண்டு. கால் இரண்டும் வீங்கிக்கொண்டே போனது. "உப்பைக் குறைக்கச் சொன்னேனே?" என்றார் டாக்டர்.

"ஊறுகாயக் கண்ணால பாத்து ரெண்டு வருசமாச்சு டாக்டரய்யா!"

பொய்யில்லை. மோருக்குக்கூட உப்புப் போடமாட்டார். ஆனால் கட்டிலடியில் ஒரு டப்பா இருந்தது.

"இது என்ன ஆச்சி?"

"ஆப்பச்சோடாய்யா. ராத்திரியானா நெஞ்சுல வாயு அடைக்கி. ஒரு ஸ்பூன் வெந்நியில கலக்கிக் குடிச்சா ஏப்பம் வந்திரும்லா."

"இதுவும் உப்புதான் ஆச்சி."

"போய்யா, உப்புன்னா கரிக்கணும்லா?"

சோடா உப்பு என்று பெயரிலேயே உப்பு இருக்கிறது! ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவே நாள் முழுக்க 2,000 மில்லிகிராமுக்குள்தான். ஊறுகாயை நிறுத்தி என்ன பிரயோசனம்?

ஏப்பம் வருவது நிஜம். வயிற்று அமிலத்தில் சோடா பட்டதும் கரியமில வாயு கிளம்பும், பாரம் இறங்கின மாதிரி இருக்கும். என்றைக்கோ ஒருநாள் என்றால் சரி. தினமும் நெஞ்சை அடைப்பது வாயுதான் என்று யார் சொன்னது? இதயம் தருகிற தகவலாகவும் இருக்கலாமே. ஏப்பம் வந்த திருப்தியில் அதைக் கேட்காமலே தூங்கிவிடுகிறோம்.

டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டினோம். ஈ.சி.ஜி. எடுத்தார், மாத்திரையை மாற்றினார். மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது.

டப்பா இப்போது அங்கணத்தில், பாத்திரம் துலக்குகிற இடத்தில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் ஆச்சி அதை ஒரு பார்வை பார்க்கிறார்.