மரம் கற்பித்த பொறுமை

வானொலி அலைகளால் ஒரு சிறு படகைத் தொலைவிலிருந்தே செலுத்த முடியும் என்பதை நிக்கோலா தெஸ்லா 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் செய்து காட்டினார். அவ்விந்தையின் வழிவந்த மின்பந்தயப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் நானும் என் மகனும் கட்டினோம்.

பெட்டிக்குள் படகு இல்லை. எண்ணிட்ட ஒட்டுப்பலகைத் துண்டுகளே இருந்தன. குறுக்குச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கப் பலகைகளை வளைத்து ஒட்டினோம். உடல் சற்றே முறுக்கிக்கொண்டாலும் ஓட்டம் கோணிவிடும். பசை இறுகும்வரை காத்திருப்பதுதான் மகனுக்குப் பெரும்பாடாக இருந்தது. விரல் பட்டதும் காட்சி மாறும் கைப்பேசியில் பழகியவன் அவன். மரமோ யாருடைய அவசரத்துக்கும் இணங்குவதில்லை.

நீர் புகுந்தால் மரம் ஊதிவிடும். ஆதலால் உள்ளும் புறமும் எப்பாக்சி பூசிக் காயவைத்துத் தேய்த்தோம். பின்னர் மின்கலத்தை நகர்த்தி நகர்த்தி எடையைச் சமன்செய்தோம். முன்பாரம் மிகுந்தால் மூக்கு நீரில் அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் மூக்கு எழும்பிப் படகு கவிழும். நான்காம் நாள், "இன்னும் காயவில்லை அப்பா, நாளை பார்க்கலாம்" என்று என்னைத் தடுத்தவன் அவனே!

ஏரியில் படகு நீரைக் கிழித்து நேராக ஓடியது. எனினும், நான் பெரிதும் மகிழ்ந்தது அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான். மாணவச் செல்வங்கள் ஒவ்வொருவருக்கும் விடுமுறையில் இத்தகைய கைவேலை ஒன்று வாய்த்தல் வேண்டும்.