பழைய காரின் டயரும் குடும்பத்தின் கணக்கும்



நம் தெருக்களில் நிற்கும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். பத்து வயதைத் தாண்டியவை பல. பதினைந்தைத் தொட்டவையும் இருக்கின்றன. புதிய காரை முழுப் பணம் கொடுத்து வாங்க வசதியில்லை. வட்டிக் கடனில் வாங்க மனமில்லை. ஆகவே இருப்பதை ஓட்டுகிறோம். இது நல்ல முடிவுதான். ஆயினும் பழைய கார் என்பது செலவில்லாத கார் அன்று. புதிய காரின் தவணை மாதந்தோறும் குறித்த தேதியில் வரும். பழைய காரின் தவணைக்குத் தேதி கிடையாது. இந்த ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தத் தேதியில்லாத தவணையை முன்கூட்டியே கணக்கிட முடியுமா, கையைக் கடிக்கும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பதைப் பற்றி என் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காயல்பட்டினத்தில் மதரஸா ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டில் தயாரான சிறிய பெட்ரோல் கார். மதரஸாவுக்கு நடந்தே போய்விடுவேன். கார் முக்கியமாக என் உம்மாவுக்காக. சிறுநீரகச் சிகிச்சைக்காக மாதம் இருமுறை அவர்களைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போக ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வர அதே தொலைவு. எழுபதைக் கடந்த உம்மாவால் பேருந்தில் ஏறி இறங்க இயலாது.

2024ஆம் ஆண்டில் இந்தக் காருக்கு மூன்று செலவுகள் ஒன்றாக வந்தன. முதலாவது, பதினைந்து ஆண்டுகள் முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய கார்களின் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அதற்கு மேல் பசுமை வரி உண்டு. இரண்டாவது, சாலைகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த வெள்ளம் அரித்துச் சென்ற சாலைகளில் பல மாதங்கள் ஓடியதில் வண்டியின் அடிப்பாகங்கள் ஆட்டம் கண்டுவிட்டன. மூன்றாவது, முன்சக்கர டயர்கள் தேய்ந்துவிட்டன.

மூத்த மகளின் கல்லூரிக் கட்டணமும் அதே மாதத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது. காருக்கென்று நான் மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்த பெட்டியில் 23,000 ரூபாய் இருந்தது. என் மனைவி கேட்டார்: “இந்தப் பணத்தை அவ ஃபீஸுக்கு எடுத்துக்கிட்டா என்ன? டயர் இன்னும் ஒரு வருஷம் ஓடாதா?”

நியாயமான கேள்வி. குடும்பம் நடத்தும் எவருக்கும் எழுகிற கேள்விதான். அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டுமென்றால் டயரைக் குனிந்து பார்க்க வேண்டும்; பிறகு நோட்டைத் திறந்து கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆறுமுகநேரியில் நான் வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி, இடது முன்சக்கரத்தின் உட்பக்கத்தில் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னார்: “இப்ப டயரை மாத்தாதீங்க ஹஜ்ரத். உள்பக்கம் மட்டும் தின்னுருக்கு பாருங்க. இது டயர் செஞ்ச தப்பு இல்ல. புதுசு போட்டாலும் ஆறே மாசத்துல இதே கதிதான்.”

அவர் சொன்னது பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம். டயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே வண்டிக்கு எங்கே நோய் என்று சொல்லிவிடலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறோம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் பிசகியிருக்கிறது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கும். அல்லது வீல் பேலன்ஸ் சரியாக இராது.

என் வண்டியில் லோயர் ஆர்ம் புஷ்கள் நைந்து போயிருந்தன. அந்த ரப்பர் புஷ் தளர்ந்த நிலையில் அலைன்மென்ட் செய்தால் சில நாட்களிலேயே மீண்டும் பிசகிவிடும். ஆகவே செலவுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் புஷ், அடுத்து டயர், கடைசியாக பேலன்ஸும் அலைன்மென்ட்டும். புஷ்ஷை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றுகிறவர் ஒரே டயரை இருமுறை வாங்குகிறார். புஷ் வேலைக்கு 3,800 ரூபாய் ஆயிற்று.

இனி, டயர் இன்னும் ஓராண்டு ஓடுமா என்ற கேள்வி. புதிய டயரின் பள்ளங்கள் பொதுவாக 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அப்பள்ளங்களுக்கு இடையே ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் தெரியும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அவை இருக்குமிடத்தைக் காட்டும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் அதன் ஆயுள் முடிந்தது; சட்டப்படியும் அதை ஓட்டக் கூடாது. எங்கள் முன்சக்கரங்களின் நடுவில் 3 மில்லிமீட்டர் இருந்தது. உட்புற ஓரமோ அந்த மேட்டைத் தொட்டுவிட்டது.

வெயில் காலத்தில் இத்தகைய டயர் ஓடத்தான் செய்யும். மழையில்தான் சோதனை. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். சாலையில் நீர் நிற்கும்போது, அந்த நீரைப் பள்ளங்கள் பக்கவாட்டில் வெளியேற்றினால்தான் ரப்பர் சாலையைப் பற்றும். பள்ளம் இல்லையென்றால் டயர் நீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கை அழுத்தியும் பயனில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. நமக்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களிலும் உம்மாவின் சிகிச்சை நாட்கள் மாறுவதில்லை.

“அல்லாஹ் காப்பான்” என்று சொல்லி வழவழத்த டயரோடு நெடுஞ்சாலையில் இறங்குகிறவர்களை நான் அறிவேன். காப்பவன் அவனே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிப் போடும் வேலை நம்முடையது என்று சிறு பிள்ளைகளுக்குக் கூடப் பாடம் நடத்துகிறோம். காருக்கு அந்தக் கயிறு டயர்தான்.

இப்போது நோட்டுக்கு வருவோம். என் கார் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நான்கு டயர்களை மாற்ற, பொருத்துதல், பேலன்ஸ், அலைன்மென்ட் உட்பட 15,500 ரூபாய் ஆகும். அவை 40,000 கிலோமீட்டர், அதாவது ஐந்து ஆண்டுகள் உழைத்தால் மாதம் 260 ரூபாய். பேட்டரிக்கு 110, ஆயிலுக்கும் பில்டருக்கும் 250, பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் போன்றவற்றுக்கு 700, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 210, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பதிவுப் புதுப்பிப்புக்கு 100, துரு நீக்கவும் வர்ணம் பூசவும் 150. கூட்டினால் மாதம் 1,780 ரூபாய். பெட்ரோலுக்கு மாதம் சுமார் 4,200 ரூபாய் தனி. ஆக மொத்தம் ஏறத்தாழ 6,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 9 ரூபாய்.

அந்த 9 ரூபாயில் டயரின் பங்கு எவ்வளவு? 40 காசு கூட இல்லை. 40,000 கிலோமீட்டரில் கழற்ற வேண்டிய டயரை 48,000 வரை இழுத்தடித்தால் மிச்சமாவது கிலோமீட்டருக்கு 6 காசு. ஓராண்டுக்கு ஏறத்தாழ 500 ரூபாய். இதை நான் எழுதிக் காட்டியதும் என் மனைவி சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்தார். “ஐநூறு ரூபாய்க்காக மாமியை அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போக வேணாம். டயரை மாத்திருங்க” என்றார்.

ஆனால் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பின்சக்கர டயர்கள் சீராகத் தேய்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தன. இரண்டு மட்டும் வாங்கினேன், 7,000 ரூபாய். கடையில் இருந்த தம்பி புதியவற்றை முன்னால் பொருத்தப் போனார். இழுக்கும் சக்கரம் முன்சக்கரம் என்பதால் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். டயர் நிறுவனங்களின் பரிந்துரை இதற்கு நேர்மாறானது: இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு; பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். தம்பியிடம் சொன்னேன், மறுக்காமல் அப்படியே பொருத்திக் கொடுத்தார்.

அதே கடையில் பழைய டயர்களும் 1,200 ரூபாய்க்குக் கிடைத்தன. பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1116 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். அங்கிருந்தவை எட்டு வயதானவை. ரப்பர் ஓடித் தேய்வதோடு, வெயிலில் நின்றே இறுகி வெடிப்பு விடும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல், தேயாமல் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள்.

பதிவுப் புதுப்பிப்பு, வரி, அதற்கான சிறு வேலைகள் எல்லாம் சேர்த்து 7,500, புஷ் 3,800, டயர் 7,000, அலைன்மென்ட், பேலன்ஸ் 900. மொத்தம் 19,200 ரூபாய். பெட்டியில் எஞ்சிய 3,800 ரூபாய் மகளின் கட்டணத்துக்குப் போயிற்று. மீதிக் கட்டணத்தைக் கல்லூரியில் இரு தவணைகளாகக் கட்ட அனுமதித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அன்று முதல் பெட்டியில் மாதம் 1,500க்குப் பதிலாக 1,800 ரூபாய் போடுகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்கு இருமுறை வாடகைக் காரில் போய்வந்தால் மாதம் 4,000 ரூபாய் ஆகும். சொந்தக் காரில் அதே பயணத்துக்கு பெட்ரோல் 1,500, பராமரிப்பு 1,800, ஆக 3,300. வேறுபாடு 700 ரூபாய்தான். மற்ற பயணங்களும் இருப்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. மாதம் ஒருமுறை மட்டும் வெளியூர் போகும் குடும்பத்துக்கு வாடகைக் காரே சிக்கனம். கார் வீட்டு வாசலில் நிற்பது மதிப்பு என்று எண்ணாமல் அவரவர் கணக்கை அவரவர் போட்டுப் பார்ப்பது நல்லது.

காரை எப்போது விடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்திருக்கிறோம். நமது கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. அண்ணாச்சி ஆண்டுக்கொரு முறை வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்கிறார். சட்டகத்தில் துரு ஊடுருவினாலோ, ஓராண்டுப் பழுதுச் செலவு வண்டியின் விற்பனை விலையில் பாதியைத் தாண்டினாலோ விற்றுவிடுவோம். விற்கும்போது அதன் குறைகளைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகுமானதன்று. பழைய கார் வாங்குகிறவர்களும் கறுப்புப் பாலிஷ் பூசிய டயரின் பளபளப்பில் மயங்காமல், உட்பக்க ஓரத்தைத் தடவிப் பார்த்து, தயாரான ஆண்டையும் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு பராமரிப்பு. இரு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், காற்றைச் சரிபாருங்கள். எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். காற்றுக் குறைந்தால் டயரோடு பெட்ரோலும் கூடுதலாகத் தேயும். அந்த 9 ரூபாயில் பெரும்பங்கு பெட்ரோல்தானே. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றி அலைன்மென்ட் பாருங்கள். அடுத்த பருவமழைக்கு முன், இன்ஷா அல்லாஹ், உங்கள் வாசலில் நிற்கும் வண்டியின் முன்சக்கரத்தை ஒருபுறமாக முழுதும் திருப்பி, உட்பக்க ஓரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.