சீனத்து ஆயி

நான் நாலு வருஷம் சீனாவில் குடித்தனம் நடத்தியவள் என்று தெரிந்ததும் எங்கள் திருப்பூர்ப் பெண்மணிகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, அங்கே பாம்பெல்லாம் திங்கிறாங்களாமே! நீங்க என்னதான் சாப்பிட்டீங்க?"

"தண்டுக்கீரை சாப்பிட்டோம்" என்பேன். கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். ஆனால் நான் சொல்வது சத்தியம். அந்தக் கீரையின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் கணவருக்குத் துணி வாங்கி அனுப்பும் உத்தியோகம். திருப்பூர் பருத்தியின் ஊர். பனியன் துணியில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைத் துணி வேண்டுமென்றால் கெச்சியாவுக்குப் போகிறார்கள். ஷாங்காய்க்குத் தென்மேற்கே, செஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரத்தைச் சேர்ந்த பகுதி அது. அங்குள்ள ஜவுளிச் சந்தை உலகத்தின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று. நம் நாட்டு வியாபாரிகளும் அங்கே ஏராளம். 2016-ஆம் ஆண்டில் நானும் ஐந்து வயது மகளும் அவருடன் போய்ச் சேர்ந்தோம்.

போன மறுநாளே போலீஸ் ஸ்டேஷன்! பயந்து விடாதீர்கள். ஹோட்டலில் தங்காமல் வீடு எடுத்துத் தங்கும் அயல்நாட்டார் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். மற்றவர்கள் பால் காய்ச்சிக் குடி புகுவார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் குடி புகுந்தேன்.

அடுத்த கஷ்டம் பாஷை. சீன பாஷையில் 'மாய்' என்றால் வாங்குவது. அதே 'மாய்' என்பதைக் கொஞ்சம் ராகம் மாற்றிச் சொன்னால் விற்பது! 'பூ' என்றால் துணி. 'பூ' என்றால் 'இல்லை' என்றும் அர்த்தம். நானோ பூ என்றால் மல்லிகையை நினைக்கிறவள். ஒரு நாள் கடைக்காரியிடம் எந்த ராகத்தில் என்ன சொன்னேனோ தெரியாது. அவள் என் கையிலிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை பேச ஆரம்பித்து விட்டாள்.

அன்றோடு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். வேண்டியதை விரலால் காட்டுவேன். விலையை விரலால் கேட்பேன். காலையில் அவர் சந்தைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்துக் கொண்டிருப்பேன். அதுவும் சாயப் பட்டறைகள் நிறைந்த ஊர். சில நாள் காற்றில் அந்த வாடை வரும். நொய்யல் கரையில் வளர்ந்த எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்து அழுகை வந்துவிடும். சாய வாடைக்காக அழுத பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காய்கறிச் சந்தையில் அதைப் பார்த்தேன். சிவப்புத் தண்டுக்கீரை! "கீரை!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, அறுபது வயதிருக்கும், "கீ-லே!" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கீரையைத் தொட்டுக் காட்டி "சியென்சாய்" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். மூன்று முறை என் ராகத்தைத் திருத்தினாள். பார்த்தால், எங்கள் எதிர் வீட்டுக்காரி!

அவளை எப்படி அழைப்பது என்று சைகையால் கேட்டேன். தன் மார்பைத் தொட்டு, "ஆயி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் ஆயி என்றால் தாயல்லவா? சீனத்தில் அது தாயின் சகோதரியையும், தாய் வயதுப் பெண்களையும் அழைக்கும் சொல் என்று அப்புறம் தெரிந்து கொண்டேன்.

நாம் கீரையையும் இளந்தண்டையும் சமைப்போம். ஷாவ்சிங்கிலோ முற்றிய தண்டை உப்புநீரில் ஊறப்போட்டு, புளிக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆயி அந்த ஜாடியைத் திறந்ததும் என் மகள் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓட்டமெடுத்தாள். மறுநாள் நான் வரமிளகாய் தாளித்தபோது ஆயி தும்மித் தும்மி வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். கணக்குச் சரியாகி விட்டது! அவளிடம் வாங்கிய விதையைத் தொட்டியில் போட்டு நானும் கீரை வளர்த்தேன்.

ஒரு விடுமுறையில் சுவான்சோ துறைமுகத்துக்குப் போனோம். அங்கே நம் வியாபாரிகள் குடியிருந்ததற்கு அடையாளமாக 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சீன மன்னனின் நன்மைக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த விவரம் அதில் இருக்கிறதாம். அருங்காட்சியகத்தில் விஷ்ணுவையும் நரசிம்மரையும் கண்டு கைகூப்பினேன். கூடவே, அவர்களுக்கெல்லாம் கீரை கொடுத்த ஆயி யாரோ என்றும் நினைத்துக் கொண்டேன். அதைக் கல்லில் யாரும் வெட்டவில்லை.

2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டோம். வீட்டுச் சாவியையும் விதைப் பொட்டலத்தையும் ஆயியிடம் கொடுத்து, "மூன்று வாரம்" என்று விரலைக் காட்டினேன். அந்த மூன்று வாரம் முடியவே இல்லை. கொரோனா வந்தது. மார்ச் 28-ல் சீனா அயல்நாட்டாருக்குக் கதவை அடைத்தது. ஆயியும் நானும் பேசிக்கொள்ள இருந்த ஒரே வழி செல்போனில் வீசாட். ஜூன் 29-ல் நம் சர்க்கார் அதைத் தடை செய்தது. கடைசியாக அவள் அனுப்பிய படத்தில், என் தொட்டியில் கீரை நாற்று இரண்டு இலை விட்டிருந்தது. அதன்பின் ஒரு செய்தியும் இல்லை.

ஊரடங்கு சமயத்தில் எங்கள் தெரு மளிகைக் கடையில், பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் புருஷன் பனியன் கம்பெனியில் டெய்லர். வேலை நின்று போயிருந்தது. அவள் பருப்பு மூட்டையை விரலால் காட்டினாள். "வாயைத் திறந்து சொல்லு!" என்று அதட்டினார் கடைக்காரர்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அது என் விரல் அல்லவா? உண்மையைச் சொல்கிறேன்: 2016-க்கு முன்னால் நானும் அந்த லைன் வீடுகளைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக் கொண்டு போனவள்தான். எதிர் வாசலில் இருப்பவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரு கட்டுத் தண்டுக்கீரையுடன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "சாக!" என்றாள் முகம் மலர்ந்து. ஒடியா பாஷையில் கீரைக்கு அதுதான் பெயராம். நாலு நாளில் என்னை "மாவுசி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அர்த்தம் கேட்டேன். தாயின் சகோதரியாம்!

2023-ல் என் கணவர் மறுபடி கெச்சியாவுக்குப் போனார். எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஆயியின் தலை முழுக்க நரைத்து விட்டதாம். அவள் பால்கனியில் என் தொட்டி! வருஷா வருஷம் விதை எடுத்து, விதைத்து வந்திருக்கிறாள். என் மகளின் உயரத்தைக் கையால் காட்டச் சொன்னாளாம். பிறகு கவலையோடு ஒரு கேள்வி கேட்டாளாம்:

"உங்கள் ஊரில் அவளுக்குச் சாப்பிடக் கீரை கிடைக்கிறதா?"