நந்திக்கு நேரே போய், இடது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலம் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை எத்தனை தடவை எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. நாமக்கல் மலைக்கோட்டையைக் காலை வெயிலில், மாலை வெயிலில், மழையில் எல்லாம் எடுத்தாச்சு. 'அந்த பிலிம் காசைச் சேர்த்திருந்தா நாலு பவுன் தேறியிருக்கும்' என்பது என் மனைவியின் நிரந்தரக் கணக்கு.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அது சுமார் 70 அடிக்குக் கீழே இறங்கினால், கொளத்தூர் பக்கம் பண்ணவாடியில் தண்ணீருக்குள் இருந்து ஒரு பெரிய நந்தி வெளியே வந்து உட்காரும். கூடவே ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரம். 1934-ல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன ஊர்களின் மிச்சம். ஜனங்கள் சாமியை எடுத்துக்கொண்டு மேடேறினார்கள். நந்தியைத் தூக்க முடியவில்லையோ என்னவோ, விட்டுவிட்டார்கள்.

அப்படி மேடேறியவர்களில் என் அப்பாயியும் ஒருத்தி. அப்போது பத்து வயசு.

2003 கோடையில் அணை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "நந்தியைப் படம் புடிச்சுட்டு வா கண்ணு" என்றாள். போனேன். படுத்து, உருண்டு, 36 படம் எடுத்தேன். ஸ்டூடியோக்காரர் கழுவி நீட்டிய நெகடிவ் கண்ணாடி மாதிரி இருந்தது.

"சார், ரோல் ஸ்பூல்ல மாட்டவே இல்லை. சும்மாவே 36 தடவை அமுக்கியிருக்கீங்க!"

ஆபீசில் ஒரு மாசம் என்னை 'பி.சி.ஸ்ரீராம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பாயி சிரிக்கவில்லை. "படம் கெடக்கட்டும். என்னையக் கூட்டிக்கிட்டுப் போ."

அடுத்த ஞாயிறு வாடகைக் காரில் கிளம்பினோம். அணைக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பாயி நந்தியை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓர் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

"இங்கதான் எங்க ஊட்டு வாசப்படி."

வெறும் சேறு காய்ந்த தரை. நத்தை ஓடுகள்.

"எப்படி அப்பாயி தெரியுது?"

"நந்தி மூஞ்சிக்கு நேரா வந்து, பீச்சாங்கைப் பக்கம் திரும்பினா ஊடு. தெனம் நடந்தது மறந்துபோகுமா?"

அப்படியே உட்கார்ந்தாள். என் காலி பிலிம் ரோல் ஞாபகம் வர, லீவரைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று ரெண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சுற்றியது.

"நிக்கிறியே, உக்காரு" என்றாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஊட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்கோணுமில்ல."

அப்போது எடுத்த ஒரே படம்தான். கை நடுங்கியதில் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

2017 வறட்சியில் டிஜிட்டல் காமிராவோடு மறுபடி போனேன். அப்பாயி இல்லை. நந்திக்கு நேரே நடந்து இடது பக்கம் திரும்பினேன். எத்தனை அடி என்று கேட்டுவைக்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. போன வாரம் வந்த விருந்தாளி ஒருவர், "பாட்டி ஏதோ பொட்டைக் காட்டுல உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இல்லைங்க, அவங்க வீட்டு வாசல்ல."