தங்கச்சிக்குத் தலை சீவுகிறேன்

போன மாதச் சுவர் இதழில் டெங்கு கொசு பற்றி வந்தது. அதுக்கு முந்தின மாதம் மழைநீர் சேகரிப்பு. நான் எழுதப்போவது தலைமுடி பற்றி. சிரிக்காதீர்கள்! என் முடி இல்லை, என் தங்கச்சி முடி. தீபாவளியில் இருந்து எங்கள் வீட்டில் இதுதான் பெரிய பிரச்சினை.

தங்கச்சிக்கு 5 வயசு நடக்கிறது. பால்வாடிக்குப் போகிறாள். வருகிற ஜூனில் நம் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு சேரப்போகிறாள். அவளுக்குச் சுருட்டை முடி. லேசான சுருட்டை இல்லை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும். அவள் தூங்கும்போது ஒரு நாள் என் மர ஸ்கேலை வைத்து அளந்தேன். சும்மா விட்டால் 9 செ.மீ., இழுத்துப் பிடித்தால் 21 செ.மீ.! கையை விட்டதும் டக்கென்று மேலே போய்விட்டது.

எங்கள் அம்மா பூப்பறிக்கப் போகிறார்கள். நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ நேரத்தோடு போனால்தான் விலை கிடைக்கும் என்று, விடியும் முன்னாடியே தோட்டத்தில் இருக்கணும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு தடவை வருவார். அதனால் காலையில் தங்கச்சியை எழுப்பிக் குளிப்பாட்டி, தலை சீவி, பால்வாடியில் விட்டுட்டு நான் பள்ளிக்கூடம் வரணும். மத்த வேலையெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும். சீப்பைப் பார்த்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இழுத்து உட்கார வைத்தால் தெருவே கேட்கிற மாதிரி அழுவாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏத்தா, புள்ளையக் கொல்றியா?" என்பார்கள். வீட்டில் யார் சீவினாலும் இதே கதைதான்.

பால்வாடியில் பிள்ளைகள் "பரட்டை, பரட்டை" என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் சொன்னால் பரவாயில்லை. பெரியவங்களே "என்னடி, தலையில குருவி கூடு கட்டிருச்சா?" என்று கேட்டால் என்ன செய்வது? ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அவள் அம்மாவின் துண்டைத் தலையில் போட்டு, பின்னாடி தொங்கவிட்டு, ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னாடி நின்றாள். சின்னப் பிள்ளைகள் எல்லாருமே இப்படி விளையாடுவோம்தான். ஆனால் அவள் துண்டை எடுக்க மாட்டேன் என்கிறாள். சாப்பிடும்போதும் துண்டு, தூங்கும்போதும் துண்டு. "அக்கா, இதுதான் என் முடி. மத்தது வேணாம்" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் மொட்டை விஷயம் வேறு. ஒண்ணரை வயசில் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அதுக்கு முன்னாடி அவள் முடி பூனைமுடி மாதிரி மெல்லிசாக, நேராக இருந்தது. மொட்டைக்குப் பிறகு வந்ததுதான் இந்தச் சுருட்டை. அதனால் எங்கள் அத்தை, "மொட்டை போட்டதுலதான் சுருண்டுச்சு. இன்னொரு மொட்டை போட்டா நேராயிரும்" என்றார்கள். அம்மாவும் சித்திரையில் மொட்டை போடுவதாகச் சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இருட்டில் எழுந்து போய், வெயிலில் வீட்டுக்கு வந்தால் பிள்ளை அழுத கதையைத்தான் தினமும் கேட்கிறார்கள். ஆனால் மொட்டை என்ற பேச்சைக் கேட்டதும் தங்கச்சி துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் கரும்பலகையில் படமே போட்டுக் காட்டினார்கள். முடி முளைப்பது தோலுக்கு உள்ளே இருக்கிற மயிர்க்காலில். மயிர்க்கால் வளைந்திருந்தால் முடியும் சுருண்டுதான் வரும். மொட்டையடிக்கிற கத்தி தோலுக்கு மேலேதான் போகும், உள்ளே இருக்கிற வளைவை அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தை முடி வளர வளர மாறுவது சகஜம், மொட்டை போடாமல் இருந்திருந்தாலும் சுருண்டிருக்கும் என்றார்கள். பெரும்பாலும் அப்பா அம்மா வழியில் வருவதாம். எங்கள் அப்பா எப்போதும் ஒட்ட வெட்டிக் கிராப்பு வைத்திருப்பார், அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பத்தா டிரங்குப் பெட்டியில் இருந்து அப்பா சின்ன வயசில் எடுத்த போட்டோவை எடுத்துக் காட்டுச்சு. அப்படியே தங்கச்சி தலை! அப்பத்தா அதோடு ஒரு பழமொழியும் சொல்லுச்சு: "கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்." என் முடி கோரை முடி. குடியைக் கெடுப்பது நான்தான் போல!

டீச்சர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப உதவியது. நம் எல்லார் தலையிலும் தோலில் எண்ணெய் சுரக்கிறது. நேரான முடியில் அது நுனி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சுருட்டை முடியில் அத்தனை வளைவையும் தாண்டிப் போக முடியாது. கண்மாய்த் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டாத மாதிரி! அதனால் வேர்ப்பக்கம் எண்ணெய் இருக்கும், நுனி காய்ந்து கிடக்கும். காய்ந்த முடி ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு சிக்கு விழும். அதில் பல்லு நெருக்கமான சீப்பை வைத்து உச்சியில் இருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய் முடிச்சு ஆகிவிடும். பிள்ளைக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

அம்மாவிடம், "பொங்கல் வரைக்கும் டயம் குடுங்கம்மா. அழுகாம தலை சீவிக் காட்டுறேன்" என்று கேட்டேன். சரி என்றார்கள்.

சந்தையில் 20 ரூபாய்க்குப் பல்லு அகலமான சீப்பு ஒன்று வாங்கினேன். தலைக்குக் குளிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஷாம்பு பாக்கெட்டு அவளுக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன், இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் அது எடுத்துவிடுகிறது. அதுக்குப் பதில் செம்பருத்தி இலை. 15 இலையைப் பறித்துத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கொழகொழவென்று வரும். அதைத் துணியில் வடிகட்டணும். வடிகட்டாவிட்டால் இலைத் துணுக்கு சுருளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதைப் பொறுக்கியே பொழுது போய்விடும். முதல் நாளே தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, மறுநாள் இந்தச் சாற்றைத் தலை முழுக்கத் தடவி, ஈரமாக இருக்கும்போதே சிக்கெடுக்க வேண்டும். அவள் முடியை உலர்ந்தபிறகு சீப்பால் தொடவே கூடாது.

சிக்கெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றை முடிந்துவிட வேண்டும். ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் நுனியை மட்டும் சீவணும். அப்புறம் ரெண்டு விரக்கடை மேலே, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. கை இறுக்கிப் பிடித்திருப்பதால் இழுக்கிற இழுப்பு கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அவள் அழவே இல்லை. "முடிஞ்சுச்சாக்கா?" என்று திரும்பிப் பார்த்தாள்.

முதல் ஞாயிறு 1 மணி 10 நிமிஷம் ஆனது. உட்கார வைக்க ஒரு பொரி உருண்டையும் ஒரு கதையும் வேண்டும். நான் கம்பளி ஆட்டுக்குட்டி கதை சொன்னேன். நடுவில், "அந்த ஆட்டுக்குட்டிக்கு மொட்டை போட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். "போட்டாங்க. ஆனா திரும்பச் சுருட்டையாத்தான் வளந்துச்சு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எதுக்குப் போட்டாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வியை அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.

துண்டை வைத்துப் பரபரவென்று துவட்டக் கூடாது. துண்டில் இருக்கிற சின்னச் சின்ன நூல் வளையத்தில் முடி மாட்டும். அப்பாவின் பழைய பனியனை வைத்து ஒத்தி எடுக்கிறேன். பனியன் கம்பெனிக்காரர் மகளுக்குப் பனியனுக்கா பஞ்சம்! ராத்திரி கோரைப்பாயில் உருண்டு படுத்தால் பிடரிப் பக்கம் சிக்கு விழுகிறது. அதனால் தளர்வாகப் பின்னிவிட்டு, அம்மாவின் பழைய வழுவழு சேலையைத் தலைக்கு அடியில் மடித்துப் போடுகிறேன். பேன் பார்ப்பதும் இப்போது சுலபம். முடி ஈரமாக, கொழகொழப்பாக இருக்கும்போது பேன் சீப்பு வைத்தால் தங்கச்சியும் கத்துவதில்லை, பேனும் தப்பிப்பதில்லை.

தண்ணீருக்குத்தான் சண்டை. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிறது. கடைசி ரெண்டு செம்பு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுகிறேன். குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. "குடிக்கிற தண்ணிய மயித்துக்கு ஊத்துறியே" என்று அம்மா திட்டுவார்கள். நியாயம்தான். இப்போது என் பங்கில் இருந்து எடுக்கிறேன் என்று சொல்லி ஊற்றுகிறேன்.

மத்த நாளில் சீப்பே கிடையாது. உள்ளங்கையில் தண்ணீரும் ஐந்தாறு சொட்டு எண்ணெயும் சேர்த்துத் தேய்த்து, விரலால் கோதி ரெண்டு குடுமி போட்டுவிடுவேன். பால்வாடி ஆயா, "இப்பத்தான் அழகா இருக்கு" என்றார்கள். பழைய காலத்தில் பெண்கள் கூந்தலை ஐந்து விதமாக முடித்ததால் அதற்கு ஐம்பால் என்று பெயராம், அதில் சுருள் என்பதும் ஒன்று என்று தமிழ் ஐயா சொன்னார். இதை நான் தங்கச்சியிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் "பரட்டை" என்று சொன்ன பையனிடம் போய், "இது ஐம்பாலு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

பொங்கலுக்கு முதல் நாள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து நான் சீவுவதை முழுசாகப் பார்த்தார்கள். 25 நிமிஷம். அழுகை இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு சுருளை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம், "சாமிக்கு வேண்டியிருக்கேடி, என்ன பண்றது?" என்றார்கள். இதுக்கு என்னிடம் பதில் இல்லை, டீச்சரிடமும் கேட்க முடியாது. அப்பத்தாதான், "பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி குடுத்தாப் போதும். மூணு கத்தரிப்பு. சாமி என்ன ஸ்கேல் வச்சா அளக்கப் போகுது?" என்றுச்சு. (நான் அளந்ததை அது பார்த்திருக்கிறது.) இப்போதைக்கு அம்மா அதுக்குச் சரி என்றிருக்கிறார்கள். அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

துண்டு போடுவதைத் தங்கச்சி ஒரேயடியாக விடவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் ஓடிப் போய் எடுக்கிறாள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு விண்ணப்பம். ஜூனில் தங்கச்சி உங்கள் வகுப்புக்கு வருவாள். பள்ளி விதிப்படி ரெட்டைச் சடை, ரிப்பன் போட்டுத்தான் அனுப்புவேன். சடை தளர்வாக இருக்கும். இறுக்கிக் கட்டினால் நெற்றி ஓரத்தில் முடி உதிரும் என்பதால் அப்படி. மத்தியானத்துக்குள் காதோரம் நாலு சுருள் வெளியே வந்துவிடும். அவிழ்ந்துவிட்டால் தயவுசெய்து சீப்பு போட வேண்டாம் டீச்சர். யாரையாவது ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புங்கள், ரீசஸ் பெல் அடித்ததும் நானே வந்து கட்டிவிடுகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி