மகளின் குதிகாலும் மாமல்லபுரமும்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் சிற்பத்தைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள். தரையை யார் பார்க்கிறார்கள்? சென்ற பிப்ரவரி மாதம் நானும் என் மூத்த மகளும் அந்த ஊருக்குப் போனது முக்கியமாகத் தரைக்காகத்தான்! சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கோல் ஊன்றித் தாண்டுகிறார்களே, போல்வால்ட், அதில் அவளுக்கு ஒரே பைத்தியம். 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் நம் தமிழ்நாட்டுப் பெண் ரோஸி மீனா 4.20 மீட்டர் தாண்டினார் அல்லவா? அந்தப் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இவள் தாண்டுவது என்னவோ 2.80தான். "அதுவே நம்ம வீட்டு வாசப்படி நிலையை விட உசரம்டி" என்பார் என் மாமியார். போன வருஷம் ஜூனில் ஒருநாள் காலைப் பயிற்சியின்போது கோல் பக்கவாட்டில் தள்ளிவிட, மெத்தையில் விழவேண்டியவள் கட்டாந்தரையில் நின்ற வாக்கில் வந்து இறங்கிவிட்டாள். உடம்புப் பாரம் முழுவதும் வலது குதிகாலில்.

ஒரு மணி நேரத்துக்குள் குதிகால் அகலமாக வீங்கி, அடிப்பாதத்தில் நீலம் பாய்ந்துவிட்டது. இளம் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் சுவரிலிருந்தோ மரத்திலிருந்தோ குதித்து, அடிப்பாதத்தில் இப்படி நீலம் கண்டால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். நேரே எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இவளுக்குக் காலோடு முதுகையும் படம் எடுத்தார்கள். உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தால் அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வரைக்கும் ஏறுமாம். நல்லவேளை, முதுகுக்கு ஒன்றும் இல்லை.

"குதிகால் எலும்பு வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு மாதிரி. முட்டையைக் கீழே போட்டால் எப்படி நொறுங்கும், அப்படி நொறுங்கியிருக்கு. மேலே இருக்கிற மூட்டு வரைக்கும் வெடிப்பு போயிருக்கு" என்றார் டாக்டர். கட்டுப் போட்டால் போதும் என்று சொந்தக்காரர்களில் நாலு பேர் நாலு ஊர் சொன்னார்கள். ஸ்கேன் படத்தில் எலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததைப் பார்த்த என் கணவர், "ஆபரேஷன்தான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அதுவும் உடனே நடக்கவில்லை. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழவேண்டும், இல்லாவிட்டால் தையல் ஆறாது என்று 11 நாள் காலைத் தூக்கி வைத்தே படுக்கவைத்தார்கள். பிறகு தகடும் திருகாணியும் வைத்துச் சேர்த்தார்கள். 12 வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது என்று உத்தரவு.

அந்த 12 வாரத்தை எழுதப் போனால் இந்தப் பக்கம் போதாது. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி, கட்டிலோரம் வாக்கர், தினம் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை. அதெல்லாம் கூடப் பெரிதில்லை. பார்க்க வந்த ஒரு அம்மாள் ஆரஞ்சுப் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு இந்த விளையாட்டெல்லாம் எதுக்கு? நாளைக்கு விந்தி விந்தி நடந்தா எவன் கட்டிப்பான்?" என்று கேட்டார்களே, அது இவள் காதில் விழுந்துவிட்டது. நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பழத்தையும் தொடவில்லை.

அக்டோபரில் ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். ஜனவரியில் வீட்டு மொசைக் தரையில் ஓரளவு நன்றாகவே நடந்தாள். அப்போது பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் ஒரு விஷயம் விளக்கினாள். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. அதற்கு அடியில், குதிகால் எலும்பின் தலையில் இன்னொரு மூட்டு இருக்கிறது. பாதத்தை இப்படியும் அப்படியும் சாய்ப்பது அதுதான். மேடு பள்ளத்தில் நாம் தடுமாறாமல் நடப்பது அதன் தயவில். இவளுக்கு அடிபட்டது அந்த இடத்தில். "சமதரையில எல்லாரும் நடந்திடுவாங்க ஆன்ட்டி. இனிமே கல்லு, புல்லு, சரிவு, மணல்னு நடக்க வைங்க. குஷன் வெச்ச ஷூ போட்டுக்கணும். இடது கையில கம்பு. மறுநாள் காலையில வலி எப்பவும் போல இருந்தா சரி. கூடுதலா இருந்தா அடுத்த தடவை பாதியாக் குறைச்சிடுங்க" என்றாள்.

கல்லும் புல்லும் சரிவும் மணலும் ஒரே ஊரில் வேண்டும். கோயில் என்றால் செருப்பைக் கழற்றவேண்டும், கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது அந்தக் குதிகாலுக்கு இன்னும் ஆகவில்லை. யோசித்துப் பார்த்தால் மாமல்லபுரத்தைத் தவிர வேறு ஊர் எது? செங்கல்பட்டில் இருக்கும் எங்களுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இவருக்கு லீவு கிடைக்காததால் என் தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்தான்.

வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், 500-க்கும் மேலே படிகள். நான் சிறுமியாக இருந்தபோது உச்சிவேளையில் கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிடும் என்று அழைத்துப் போவார்கள். இப்போது அவை வருவதில்லை, வருஷக்கணக்காகிறது. ஆபரேஷன் நடந்த அன்று, இவளையும் கூட்டிக்கொண்டு அந்தப் படி ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். "நான் மட்டுமாவது இன்னைக்கு ஏறிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "நீ வேண்டிக்கிட்டது ரெண்டு பேருக்கும்தானே? நான் ஏறும்போது ஏறு" என்றாள். அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஏழரை மணிக்கெல்லாம் மாமல்லபுரம். வெயில் ஏறுமுன் பாறைகளைப் பார்த்துவிடுவது நல்லது. முதலில் அர்ச்சுனன் தபசு. சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். எத்தனை உருவங்கள்! யானைக் குடும்பம் ஒரு பக்கம், நடுப் பிளவில் நாகங்கள், மேலே பறந்து வரும் தேவர்கள். இத்தனைக்கும் நடுவே விலா எலும்பு தெரிய, கைகளை மேலே தூக்கி, ஒற்றைக் காலில் நிற்கும் தபசி. அர்ச்சுனன் என்பவர்களும் உண்டு, பகீரதன் என்பவர்களும் உண்டு. மகள் கம்பை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, நானும் 12 வாரம் ஒத்தக் கால்ல நின்னேன். எனக்கு ஒரு வரமும் கிடைக்கலையே?" என்றாள். "உனக்குக் கேழ்வரகுக் களி கிடைச்சுதே" என்றான் தம்பி. கீழே எலிகளுக்குப் பக்கத்தில் பொய்த்தவம் செய்யும் பூனையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தோம். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் அந்தப் பூனையைக் காட்டுங்கள், பிறகு நகரவே மாட்டார்கள்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும் சிற்பம் இங்கேதான். நிழலாக இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. கால் சுகமில்லாதவர்களுக்கு இந்த ஊரில் முதல் ஓய்வுக்கு இதுவே தோது.

அடுத்தது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சுமார் 6 மீட்டர் உயரமுள்ள உருண்டைப் பாறை, வழுக்குப் பாறைச் சரிவில் இதோ உருண்டுவிடுவேன் என்று நிற்கிறது. 1908-ல் சென்னை கவர்னர் யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று கதை சொல்கிறார்கள். 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன்னால் கைகோத்து நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அந்தப் பாறையைத் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக மேலே ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. குறுக்கே நடக்கச் சொன்னபோதுதான் வினை. பாதம் ஒரு பக்கமாகச் சாயவேண்டும், அந்த மூட்டு சாயமாட்டேன் என்கிறது. இரண்டு அடி வைத்தாள், நின்றுவிட்டாள், நெற்றியெல்லாம் வியர்வை. தம்பி கை கொடுத்தான். பத்து அடி அந்தப் பக்கம், பத்து அடி இந்தப் பக்கம். போதும் என்று இறக்கிவிட்டோம். பிஞ்சுக் குழந்தைகள் அதே சரிவில் சறுக்கி விளையாடுகின்றன! பாறை பட்டுப்போல் வழவழவென்று இருக்கிறது. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே ஏறவேண்டாம். கலங்கரை விளக்கம் போகலாமா என்று தம்பி கேட்டான். குறுகலான படிகள், கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து ரதம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, வண்டியில்தான் போனோம். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தர்மராஜன் பெயர்களில் நான்கும் ஒரே வரிசை. நகுல சகதேவ ரதம் சற்று விலகி, பக்கத்திலேயே ஒரு கல் யானை. எல்லாமே நின்ற பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தவை. ஆனால் எனக்கு அங்கே ஞாபகம் இருப்பதெல்லாம் மணல்தான். ரதங்களைச் சுற்றிலும் மணல். நன்றாக நடந்து வந்தவள் நாலாவது அடியில் குதிகால் புதைந்து, உடம்பு ஒரு பக்கம் சாய, கம்பை வீசிப் போட்டுவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மாசம் ஆச்சும்மா! மணல்ல நாலு அடி வைக்க முடியல. நான் இனிமே எங்க ஓடறது, எங்க தாண்டறது? அந்தப் படத்தை வீட்டுக்குப் போனதும் கிழிச்சுப் போடு."

சுற்றிலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம். எல்லோரும் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்வது? மறுபடி கோலைப் பிடிக்கலாமா என்பதை ஒரு வருஷம் முடிந்த பிறகு கேளுங்கள், இப்போது வாக்குத் தரமாட்டேன் என்று டாக்டர் எங்களிடமே சொல்லியிருக்கிறார். பெற்ற வாய்க்குப் பொய் சொல்லத்தான் வருகிறது, ஆனால் அவளுக்கும் அது தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்த மோரை ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளின் வாத்தியார், "இந்த ரதங்களில் ஒன்றுகூட முழுசா முடிக்கப்படவில்லை. பாருங்க, அடியில் அப்படியே கரடாக விட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மோரைக் குடித்துக்கொண்டே தர்மராஜ ரதத்தின் அடிப்பகுதியைப் பார்த்தாள். பிறகு அவளே கம்பை எடுத்து வரச்சொன்னாள். புத்தம் புது மணலை விட்டு, ஆட்கள் நடந்து அமுங்கிய தடத்திலேயே அடியெடுத்து வைத்து வெளியே வந்தோம்.

நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து ரதத்துக்கு வாங்கினதே கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும். மதியம் ஓர் ஓட்டலில் சாப்பிட்டு, எதிர் நாற்காலியில் தலையணை போட்டுக் காலைத் தூக்கி வைத்து இரண்டு மணி நேரம் ஓய்வு. இந்த ஓய்வு இல்லாமல் மாலைப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள், கால் பூசணிக்காய் ஆகிவிடும்.

கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இரண்டு விமானங்களையும் மாலை வெயிலில் பார்க்கவேண்டும். 1984-ல் இந்த ஊர்ச் சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. சுற்றிலும் புல்வெளி, அகலமான நடைபாதை. தள்ளுவண்டிக் குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு இந்த ஊரிலேயே சௌகரியமான இடம் இதுதான். மதிலை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகள் உப்புக்காற்றில் தேய்ந்து, பல நந்திகளுக்கு முகமே இல்லை.

அதை முடித்துக்கொண்டு கடலோரம் போனோம். மேல் மணலை அவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். ஈர மணல் கெட்டி என்பதால் அங்கே ஷூவைக் கழற்றினாள். கரை கடல் பக்கமாகச் சரிந்திருக்கிறது இல்லையா, அதனால் போகும்போது ஒரு பக்கம் சாய்கிற பாதம் திரும்பும்போது மறுபக்கம் சாயும். போக 20 அடி, வர 20 அடி என்று கணக்கு வைத்தோம். இங்கே கடல் பொல்லாதது, கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏற விடாதீர்கள். நானும் அவள் இடுப்பைப் பிடித்தபடியேதான் நின்றேன். அலை வந்து திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு போகுமே, அப்போது, "ஐயோ அம்மா!" என்று கத்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"வலிக்குதா?"

"இல்லம்மா. கூசுது. இந்தப் பக்கமும் கூசுது!"

தையல் போட்ட வெளிப்பக்கம் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து மரத்துக் கிடந்தது. ஊசியால் தொட்டால்கூடத் தெரியாது. இன்னொரு அலை, இன்னொரு அலை என்று இருட்டும் வரை நகரமாட்டேன் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பால் கணுக்காலுக்குக் கீழே சுற்றி அளந்தேன். தினம் ராத்திரி அளந்து காலண்டரில் எழுதுவது வழக்கம். அன்று முக்கால் அங்குலம் கூடுதல். துணியில் ஐஸ் சுற்றி வைத்து, இரண்டு தலையணை போட்டுக் காலை உயர்த்திப் படுக்கவைத்தேன். காலையில் எழுந்து மறுபடி அளந்தேன். பழைய அளவுக்கே வந்திருந்தது. வலியும் எப்போதும் போலத்தானாம்.

அலமாரிக் கதவில் படம் அப்படியே இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறதே, அங்கே மணல் எப்படி இருக்கும் என்று தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.